கோபுரத்தில் சாரம் கட்டுகிறவர்களுக்கு

கோயில் திருப்பணிக்காகக் கோபுரம் ஏறும் சாரக்காரர்கள், கொத்தனார்கள், சுதை வேலை செய்பவர்கள், வர்ணம் பூசுபவர்கள், சித்தாட்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

ஆந்தையைப் பற்றி எழுதுவதென்றால் பறவை பார்க்கிறவர்களுக்கு எழுத வேண்டியதுதானே, எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பறவை பார்க்கிறவர்கள் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு தரையில் நிற்கிறார்கள். ஐந்தாம் நிலை, ஆறாம் நிலை இருட்டுக்குள் குனிந்து நுழைந்து அதன் முகத்துக்கு நேரே முகம் வைக்கிறவர்கள் நீங்கள்தான். ஆந்தையை ஒரு கை தூரத்தில் சந்திப்பது உங்கள் தொழிலுக்கு வாய்த்ததுபோல வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பழைய அரிசி ஆலைக்குக் கூரை பிரிக்கிறவர்களையும் பாழுங்கிணற்றில் தூர் வாருகிறவர்களையும் வேண்டுமானால் அடுத்தபடியாகச் சொல்லலாம்.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். அடிபட்டு விழும் பறவைகளைக் கால்நடை மருத்துவரிடமும் வனத்துறையிடமும் கொண்டு சேர்க்கும் சிலரில் ஒருவன். சுற்றுவட்டாரத்தில் ஏதாவது கோயிலில் பாலாலயம் முடிந்து சாரம் ஏறினால், கொஞ்ச நாளில் ஓர் அட்டைப் பெட்டி என் வாசலுக்கு வந்துவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நீங்கள் வெள்ளை ஆந்தை என்று சொல்லும் கூகை. பெட்டியைத் திறந்ததுமே, அந்தப் பறவையை முதலில் தொட்ட கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இறக்கை தொங்கினால், இறக்கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். அலகோரம் பால் காய்ந்திருந்தால், யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள். காலில் சணல் கயிறு அறுத்திருந்தால், பறந்துவிடப் போகிறதே என்று பயந்திருக்கிறார்கள். சில பெட்டிகளில் ஒரு குறையும் இருக்காது. பழைய வேட்டித் துணி மெத்தென்று விரித்து, மூடியில் நாலு துளை போட்டு, பறவை இருட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அப்படிக் கொண்டு வந்தவரும் உங்களில் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அதற்காகத்தான் இந்த மடல்.

கூகை ஏன் கோபுரத்தைத் தேடி வருகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடியில் கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும், உள்ளே வெற்றிடம், நிலைக்கு நிலை முன்னும் பின்னும் வாசல், மனித நடமாட்டம் இல்லை, சுற்றிலும் வயல். இதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? காக்கையைப்போலக் குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் அதற்குக் கிடையாது. வெறும் தரையில் முட்டையிடும். தரையில் உதிர்ந்து கிடப்பது அதுவே கக்கிய உருண்டைகள்தான். கட்டைவிரலைவிடப் பருமனாக, கறுப்பாக, காய்ந்தால் சாம்பல் நிறமாகக் கிடக்கும். எச்சம் என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடுவீர்கள். எச்சம் அல்ல அது. எலியை முழுசாக விழுங்கி, சதையைச் செரித்து, மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகத் துப்பியது. ஒன்றை உடைத்துப் பாருங்கள், எலி மண்டையோடு பல்லோடு வரும்.

அந்த மண்டையோடுகளை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள் 1990-களில் இந்த உருண்டைகளைச் சேகரித்துப் பிரித்து, டெல்டாவில் கூகை என்னென்ன தின்கிறது என்று ஆராய்ந்தார்கள். வயலில் வளை தோண்டும் கரம்பை எலி, சுண்டெலி, மூஞ்சூறு என்று உழவனுக்கும் வீட்டுக்காரிக்கும் தொல்லை தருகிறவைதான் அதன் சாப்பாடு. நம் வேளாண் துறை எலிக்காக நெல் வயலில் டி வடிவக் குச்சி நடச் சொல்வதும் ஆந்தை வந்து உட்காரட்டும் என்றுதான். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கூகைக்கென்றே மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. அங்கே எஸ்டேட்காரர்கள் காசு செலவழித்துக் கட்டிக் கொடுக்கும் வீட்டை இங்கே கோபுரம் சும்மாவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. கோயில் நிலத்தில் விளையும் நெல்லுக்கும் கோபுரத்தில் இருக்கும் கூகைக்கும் அவ்வளவு நெருக்கம்.

அபசகுனம் என்பார்கள். சாரத்தில் ஏறிய முதல் நாளே ஆந்தை முகத்தில் விழித்தால் அன்றைக்கு வேலை வேண்டாம் என்று இறங்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்பதடி உயரத்தில் கம்பு மேல் நின்று பிழைக்கிறவருக்கு சகுனம் பார்க்காதே என்று தரையில் நின்றுகொண்டு நான் சொல்வது அழகில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வங்காளத்தில் இதே வெள்ளைக் கூகைதான் லட்சுமியின் வாகனம். அங்கே அதை விரட்டினால்தான் செல்வம் போய்விடும் என்ற பயம். ஒரே பறவை, இரண்டு ஊர், இரண்டு சகுனம். உங்கள் பயத்துக்கு அந்தப் பறவை பொறுப்பில்லை. மறுநாள் விடியும்வரை இறங்கியிருங்கள், தப்பில்லை. கல்லால் மட்டும் அடிக்காதீர்கள்.

சரி, உள்ளே நுழைகிறீர்கள். இருட்டில் பாம்பு சீறுவதுபோல ஒரு நீண்ட சத்தம். பாம்பு என்று கடப்பாறையை ஓங்குவதற்கு முன் டார்ச்சைச் சுவர்ப்பக்கமாக அடித்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அது கூகைக் குஞ்சு. இந்த இனம் மற்ற ஆந்தைகள்போல 'ஊ' என்று கத்தாது. அலறும், சீறும், அலகைச் சொடுக்கும். வளர்ந்த பறவையாக இருந்தால் தலையைத் தாழ்த்தி இடமும் வலமும் ஆட்டும், இறக்கையை விரித்து உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். இவ்வளவும் 'கிட்டே வராதே' என்பதற்குத்தான். நிறுத்திக்கொண்டு பின்னால் வந்துவிட்டால் அது தாக்காது. சில நேரம் எதுவுமே செய்யாது. கண்ணை இடுக்கி, உடம்பை ஒடுக்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இந்த அசையாமைதான் அதற்குப் பெரிய ஆபத்தாக முடிகிறது.

ஏனென்றால், அசையாமல் நிற்கும் ஆந்தையைப் பார்த்ததும் நமக்கு அது பழகிவிட்டது என்று தோன்றிவிடுகிறது. தம்பிமார்கள் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். தோளில் வைத்து ஒரு படம், தலையில் வைத்து ஒரு படம், நெற்றியைத் தடவிக் கொடுத்து ஒரு வீடியோ. தடவும்போது அது கண்ணை மூடினால் சுகமாக இருக்கிறது என்று கீழே எழுதியும் போடுகிறார்கள். அது சுகம் இல்லை, தம்பி. தப்பிக்க வழியில்லாத காட்டுப் பறவை பயத்தில் உறைந்து நிற்கும் நிலை அது. வெளிநாட்டில் ஆந்தையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடும் இடங்கள் உண்டு. அங்கே இருப்பவை பெரும்பாலும் கூண்டில் பொரித்து, கண் திறந்த நாளிலிருந்து மனிதர் கையால் தின்று வளர்ந்தவை. அதுவே சரியா என்று அங்கேயும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நீங்கள் ஆறாம் நிலையில் பார்ப்பது இரவெல்லாம் வயலில் வேட்டையாடிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த பறவை. அதற்கு உங்கள் கை பருந்தின் காலுக்குச் சமம்.

இன்னொரு விளையாட்டும் நடக்கிறது. பறவையை நடுவில் வைத்து, ஆள் சுற்றிச் சுற்றி நடந்து, தலை எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார்ப்பது. தலை ஏறக்குறைய 270 பாகை திரும்பும். ஆந்தைக்குக் கழுத்தில் 14 எலும்பு, நமக்கு 7. அதன் கண் நம்முடையதுபோல உருண்டை இல்லை, குழாய் வடிவில் எலும்பு வளையத்துக்குள் இறுகிப் பொருத்தப்பட்டிருக்கிறது. நாம் கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பதை அது தலையைத் திருப்பித்தான் பார்க்க முடியும். சுற்றி வரும் ஆளை விடாமல் பார்க்கிறது என்றால், அந்த ஆளை அது நம்பவில்லை என்று பொருள்.

கண்ணைவிட அதன் காதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது முக்கியம். 1950-களில் அமெரிக்காவில் ராஜர் பெய்ன் என்ற மாணவர் (பின்னாளில் திமிங்கிலப் பாட்டைப் பதிவு செய்து உலகத்துக்குக் கேட்கவைத்தவர் இவர்தான்) ஓர் இருட்டறையில் கூகையை வைத்து ஆராயத் தொடங்கினார். பொட்டு வெளிச்சம் இல்லாத அந்த அறையிலும் எலி ஓடிய சத்தத்தை மட்டும் கேட்டு அது எலியைப் பிடித்தது. எலியின் வாலில் காய்ந்த இலையைக் கட்டிச் சத்தமில்லாத மணலில் ஓடவிட்டபோது, எலியை விட்டுவிட்டு இலையின் மேல் பாய்ந்தது. ஆக, வாசனையும் இல்லை, உடல் சூடும் இல்லை, காதுதான் என்று உறுதியானது. அதன் முகம் தட்டையாக, இதய வடிவில் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. சத்தத்தை வாங்கிக் காதுக்கு அனுப்பும் அமைப்பு. ஒரு காது சற்று மேலே, ஒரு காது சற்றுக் கீழே. ஒரே சத்தம் இரண்டு காதுக்கும் போய்ச் சேரும் மிகச் சிறு வித்தியாசத்தை வைத்து எலி எங்கே இருக்கிறது என்று இடம் குறித்துவிடும்.

அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் நீங்கள் கட்டிங் மெஷினை ஓட்டுகிறீர்கள், உளியால் பழைய சுண்ணாம்பைக் கொத்துகிறீர்கள். வேலை வேலைதான், நிறுத்த முடியாது. அதனால்தான் வளர்ந்த பறவை பெரும்பாலும் வேலை தொடங்கியதும் தானே போய்விடுகிறது. போக வழி இருக்கும்வரை அதை நீங்கள் பிடிக்கவே வேண்டாம். பகலில் விரட்ட மட்டும் வேண்டாம். பகலில் அதற்குக் கண் தெரியாது என்பது பொய், நன்றாகத் தெரியும். ஆனால் பகலில் கூகை காக்கையிடம் தோற்கும் என்பது பள்ளிக்கூடத்தில் குறள் படித்த எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்த அடுத்த நிமிடம் ஊர்க் காக்கையெல்லாம் கூடிக் கொத்தி அதைத் தரையில் இறக்கிவிடும். எனக்கு வரும் பெட்டிகளில் கணிசமானவை இப்படி விழுந்தவைதான். அதனால் கூகை தங்கும் கோபுர நிலையில் வேலை தொடங்குவதை ஒருநாள் தள்ளிப்போட்டு, பொழுது சாய்ந்து அது வேட்டைக்குப் போன பிறகு அடுத்த நாள் வேலைக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள்.

குஞ்சு இருந்தால் கதை வேறு.

கூகை நான்கைந்து முட்டையை ஒரே நாளில் இடுவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பொரியும். ஒன்று பெரிதாக முகவட்டம் தெளிந்து நிற்கும்போது இன்னொன்று வெள்ளைப் பஞ்சாகத் தள்ளாடும். இதைப் பார்த்துவிட்டு, சின்னது சாகக் கிடக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாகவில்லை, கடைசியில் பொரித்தது. அவ்வளவுதான். அடைகாப்பது ஏறக்குறைய ஒரு மாதம். பொரித்த குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு வெளியேறும்வரை மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். முகத்தில் பஞ்சு உதிர்ந்து, இறக்கை முழுசாக முளைத்து, தலையில் மட்டும் பஞ்சு ஒட்டியிருந்தால் இன்னும் சில வாரத்தில் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மனித வாடையைக் கண்டு தாய் குஞ்சை ஒதுக்கிவிடாது. உண்மையில் கூகையைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் கூகைக் குஞ்சுக்குத் தாய் இறங்கி வந்து இரை கொடுக்காது. பார்த்தும் பார்க்காமல் மேலே உள்ளவற்றுக்கே கொடுக்கும். எனவே அடிபடாத குஞ்சைப் பழைய இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் அதைக் காப்பாற்றும் வழி. அந்த உயரத்துக்கு ஏறத் தெரிந்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு ஏணி கேட்கலாம். நீங்கள் இருக்கும்போது ஏணி எதற்கு?

இனி, தொட்டே ஆகவேண்டிய நேரம். பறவை அடிபட்டிருக்கிறது, அல்லது மாஞ்சா நூலிலோ கம்பி வலையிலோ சிக்கியிருக்கிறது, அல்லது குஞ்சை மேலே கொண்டுபோக வேண்டும். முதலில் தோளில் கிடக்கும் துண்டை எடுங்கள். பறவைக்கு நேரே போகாமல் பின்பக்கமாகப் போய், துண்டைத் தலையோடு சேர்த்து முழுதாகப் போர்த்துங்கள். இருட்டானதும் பாதிப் போராட்டம் அடங்கிவிடும். இரண்டு கையாலும் இறக்கைகளை உடம்போடு மடித்த நிலையில் பிடித்துத் தூக்குங்கள். இறக்கை நுனியையோ ஒற்றைக் காலையோ பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் எலும்பு மெல்லியது, ஒடிந்துவிடும். நெஞ்சையும் இறுக்கக் கூடாது. நமக்கு இருக்கும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பத்திரமாகப் பிடிப்பதாக நினைத்து நெஞ்சை அழுத்திப் பிடித்தால், மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கையில் அது கனக்காது. மூன்றடி அகலம் இறக்கை விரிக்கும் பறவை அரைக் கிலோ அளவுதான் இருக்கும். அந்தக் கனமின்மை பலரை ஏமாற்றி, நழுவிவிடுமோ என்று இன்னும் இறுக்க வைக்கிறது.

அலகைப் பார்த்துப் பயப்படுவார்கள், காலை மறந்துவிடுவார்கள். நற்றிணையின் 83ஆம் பாட்டில் ஒரு தோழி, தலைவன் வரவை எதிர்பார்த்துத் தூங்காமல் தவிக்கும் நேரத்தில் பயமுறுத்தும் குரலில் கத்தாதே என்று ஊர் மரத்துக் கூகையிடம் கெஞ்சி, நெய்ச்சோறும் எலிக்கறியும் தருவதாகப் பேரம் பேசுகிறாள். அந்தப் புலவர் கூகையின் வளைந்த வாயோடு கூர்மையான நகத்தையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்த நகம் நான்கும் சேர்ந்து கையைப் பற்றினால் விரலுக்குள்ளிருக்கும் தசைநாண் பூட்டிக்கொள்ளும். எலியைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது பிடி தளராமல் இருப்பதற்கான ஏற்பாடு. இழுக்க இழுக்க இறுகும். பற்றிவிட்டால் உதறாதீர்கள். கையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொருவரை விட்டு அதன் காலை மெதுவாக நீட்டச் சொல்லுங்கள். கால் மடங்கினால் பிடி இறுகும், நீண்டால் தளரும். பின்விரலை முதலில் கழற்றினால் மற்றவை வந்துவிடும். இதெல்லாம் வராமல் இருக்க, தூக்கும்போதே இரண்டு காலையும் நகத்துக்கு மேலே ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது. கிழித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்த நோய் பாலூட்டிகளுடையது, ஆந்தையால் வராது.

பிடித்ததை வைக்க அட்டைப் பெட்டி போதும். கோழிக்கூண்டும் கம்பிக்கூண்டும் வேண்டாம், மோதி மோதி இறகை ஒடித்துக்கொள்ளும். அந்த இறகின் விளிம்பில் சீப்புப் பல்லும் மேலே வெல்வெட் மயிரும் இருப்பதால்தான் அது சத்தமில்லாமல் பறக்கிறது. இறகு ஒடிந்த கூகை பறந்தாலும் எலிக்குக் கேட்டுவிடும். அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். நூல் பிரிந்த சாக்கு வேண்டாம், நகத்தில் சுற்றிக்கொள்ளும். மூடியை மூடி, நிழலில், ஆள் பேச்சும் பாட்டுச் சத்தமும் இல்லாத இடத்தில் வையுங்கள். அதன் காதைப் பற்றி மேலே சொன்னது இதற்குத்தான். அரை மணிக்கு ஒருதரம் திறந்து பார்ப்பது அக்கறை ஆகாது.

பால் வேண்டாம். சோறு, வாழைப்பழம், பிஸ்கட், கோயில் பிரசாதம் எதுவும் வேண்டாம். முக்கியமாக, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஒருநாள் சாப்பிடாமல் இருப்பதால் கூகை சாகாது, ஒரு மடக்குத் தண்ணீரால் சாகும்.

அடிபடவில்லை என்றால் அன்று மாலை இருட்டிய பிறகு அதே கோபுரத்தில், அதே பக்கம் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். இதில் பலருக்கு வழக்கு வருமோ என்ற பயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022இல் திருத்தியபோது பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தினார்கள். கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தெரிவிக்கிறவருக்கு அதில் பயமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கிறவர்தான் பயப்பட வேண்டும்.

விலை கேட்டு வருகிறவர்களையும் சொல்லியாக வேண்டும். சாரம் கட்டியிருக்கும் கோயிலுக்கு டீக்கடைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஆந்தை இருக்கிறதாமே, நகம் வேண்டும், உயிரோடு வேண்டும், ஆயிரத்தில் பேசலாம் என்பார்கள். மண்ணுளிப் பாம்பில் பணம் பண்ணலாம் என்று வந்த அதே வகை ஆட்கள். 2010இல் டிராஃபிக் இந்தியா அமைப்பு வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் உள்ள 30 வகை ஆந்தைகளில் 15 வகை கள்ளச் சந்தையில் விற்பனைக்கு வந்தது தெரிந்தது. மாந்திரீகம்தான் பெரிய காரணம். வடக்கே தீபாவளி நெருங்கும்போது விற்பனை கூடும், பலி கொடுப்பதற்காக. அவர்களுக்கு உயரத்துக்கு ஏறிப் பறவையை எடுத்துத் தர ஆள் வேண்டும். அகப்பட்டால் உள்ளே போகிறவர் ஏறினவர்தான், கேட்டவர் இல்லை.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வருடம் பூட்டிக் கிடந்த நிலைக்குள் வௌவால் புழுக்கையும் புறா எச்சமும் கூகை உருண்டையும் மட்கிக் கிடக்கும். அதைக் காய்ந்தபடியே பெருக்கினால் கிளம்பும் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு அள்ளுங்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

கடைசியாக, வேலை முடிந்து இறங்கும்போது நடக்கிற ஒரு காரியம். புறா புகுந்து புதுச் சுதையைக் கெடுத்துவிடும் என்று எல்லா நிலை வாசலிலும் வலை அடித்துவிடுகிறோம். புறாவுக்கு வலை வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே குஞ்சு இருக்கும்போது வலை அடித்து, தாய் வெளியே வலையைப் பிறாண்டிக்கொண்டிருந்த கோபுரங்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே சத்தம் அடங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. வலை அடிக்கும் முன் உள்ளே போய்ப் பார்க்க ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். அடித்தே ஆகவேண்டுமென்றால், தெருவிலிருந்து கண்ணில் படாத ஒரு பின்வாசலுக்குள் மரப்பெட்டி ஒன்று வைத்துவிடலாம். இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், உயரம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. நுழையும் ஓட்டை அரையடி சதுரம், பெட்டித் தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில், குஞ்சு தவறி வெளியே விழாதபடி. ஓட்டைக்கு நேரே மட்டும் வலையை வெட்டிவிட்டால் கூகை பெட்டிக்குள் போகும், புறா கோபுரத்துக்குள் நுழையாது. சாரத்தில் மிஞ்சிய பலகையிலேயே செய்துவிடலாம்.

கும்பாபிஷேகத் தேதியைக் குறிப்பது நீங்கள் இல்லை என்று தெரியும். உபயதாரர், ஸ்தபதி, செயல் அலுவலர், ஒப்பந்தக்காரர் என்று வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் எந்த நிலையை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்பது பெரும்பாலும் மேஸ்திரியும் நீங்களும் சாரத்தடியில் நின்று பேசி முடிவு செய்வதுதான். ஒரு ராஜகோபுர வேலை ஓராண்டுக்கு மேலும் இழுக்கிறது. அதில் ஒரே ஒரு நிலையை இரண்டு மாதம் தள்ளி வைத்தால் முகூர்த்தம் தவறாது.

அடுத்த கோபுரத்துக்குச் சவுக்குக் கம்பு வந்து இறங்கியதும், முதல் முடிச்சுப் போடுவதற்கு முன், ஒருவர் உள்படி வழியாக ஏறி எல்லா நிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கறுப்பு உருண்டையோ வெள்ளைப் பஞ்சுக் குஞ்சோ இருந்தால் அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லி, அந்த நிலையைக் கடைசியில் எடுக்கும்படி வேலை வரிசையை எழுதச் சொல்லுங்கள்.